ரோசாலெஸின் லுக்ரேசியா: பாதியில் விட்ட படமா? (ஓர் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கரித்துண்டு

ஸ்பானிய ஓவியர் எதுவார்தோ ரோசாலெஸ் வரைந்த 'லுக்ரேசியாவின் மரணம்' 1871-ல் மாட்ரிட் தேசிய நுண்கலைக் கண்காட்சியில் முதல் பதக்கம் வாங்கியது. இப்போது பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 257 செ.மீ., அகலம் 347 செ.மீ. ஸ்பானிய வரலாற்று ஓவியத்தின் சிகரங்களில் ஒன்று என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது முடிக்காமல் காட்சிக்கு அனுப்பப்பட்ட படம். அன்றைய விமர்சகர்கள் அதைத்தான் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரோமின் கடைசி அரசன் தார்க்வினின் மகன் செக்ஸ்துஸ், கொல்லாட்டினுஸின் மனைவி லுக்ரேசியாவை மிரட்டிக் கெடுக்கிறான். அவள் தந்தையையும் கணவனையும் வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, மறைத்து வைத்திருந்த கத்தியால் குத்திக்கொண்டு சாகிறாள். கூட வந்த புரூட்டஸ் அந்தக் கத்தியைத் தூக்கிப் பிடித்து அரச குலத்தையே விரட்டுவேன் என்று சபதம் செய்கிறான். முடியாட்சி போய்க் குடியரசு வருகிறது. கி.மு. 509 என்பது மரபாகச் சொல்லும் ஆண்டு.

இப்படிப்பட்ட காட்சியில் முகத்துக்கு அடுத்தபடி பேச வேண்டியவை கைகள். தாங்கும் கை, தொங்கும் கை, கத்தி பிடித்த கை. ரோசாலெஸ் விரல்களையும் பாதங்களையும் ஓரிரு தீற்றலில் விட்டுவிட்டார். துணி மடிப்புகள் பலகை பலகையாக நிற்கின்றன. ஒளியிலிருந்து நிழலுக்குப் போகும் இடத்தில் இடைநிறம் போதவில்லை. இது வேண்டுமென்றே செய்த பாணி என்று சொல்பவர்கள் அவருடைய 1864-ஆம் ஆண்டுப் படமான 'இசபெல்லா அரசியின் உயில்' பக்கம் போய்ப் பாருங்கள். அதிலும் தூரிகை தாராளமாகத்தான் ஓடுகிறது, ஆனால் எந்தக் கையும் குழப்பமாக இல்லை. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது தங்கப் பதக்கம் வாங்கியது சும்மா இல்லை. முடிக்கத் தெரிந்தவர் முடிக்கவில்லை. காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டே ஆண்டில், 1873 செப்டம்பரில், 36 வயதில் இறந்தார். மனிதர் மேல் இரக்கம் வருகிறது, ஆனால் இரக்கத்தைப் படத்தின் மதிப்பில் கூட்டக் கூடாது.

அரைநிழல்

கரித்துண்டு சார், நீங்க சொல்ற குறைகள் எல்லாம் படத்துக்கு ஒரு மீட்டர் பக்கத்துல நின்னா தெரியுற குறைகள். அந்தப் படம் ஒரு மீட்டர்ல நின்னு பாக்குறதுக்காகச் செஞ்சதா?

கணக்கு போட்டுப் பாருங்க. 257-க்கும் 347-க்கும் மூலைவிட்டம் சுமாரா 4.3 மீட்டர். பெரிய படத்தை முழுசா ஒரே பார்வையில வாங்கணும்னா மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிக்கணும். அதாவது ஆறரை, ஏழு மீட்டர். நல்ல கண்ணு பிரிச்சுப் பாக்குற எல்லை ஒரு கோணத்துளி, பாகையில அறுபதுல ஒரு பங்கு. ஏழு மீட்டர்ல அது 2 மில்லிமீட்டர். அதைவிடச் சின்னதா எதை வரைஞ்சாலும் அங்கிருந்து தெரியாது. ஒரு மீட்டர்ல நின்னா அதே எல்லை 0.3 மி.மீ. நீங்க கேக்குற நகக்கண்ணும் விரல் கணுவும் அந்த 0.3 மி.மீ. கணக்குல வர்ற வேலை. ஏழு மீட்டர்ல நிக்குறவனுக்கு அது வெறும் சத்தம்.

இன்னொண்ணு. பெரிய படத்துக்கு முன்னாடி எண்ணெய் வண்ணத்துல ஒரு சின்ன முன்வரைவு போடுறது அந்தக் காலத்து வழக்கம். 26-க்கு 35 செ.மீ. அளவுல ஒரு முன்வரைவுன்னு வைங்க. அதுல 3 செ.மீ. கட்டம் போட்டா பெரிய துணியில 30 செ.மீ. கட்டம் ஆகும். கோடு சரியா வந்துடும். தீற்றல் வராது. முன்வரைவுல 4 மி.மீ. அகலத்துக்கு ஒரே இழுப்புல வந்த தோள்பட்டை வெளிச்சம், பெரிய துணியில 4 செ.மீ. அகலம். அதை ஒரே இழுப்புல போட முக்கால்வாசிப் பேருக்குத் தைரியம் வராது. சின்னத் தூரிகையால நூறு தடவ தடவி நிரப்புவாங்க. முன்வரைவுல இருந்த உயிர் அங்கதான் போகுது. அந்த நூற்றாண்டோட பெரிய பெரிய வரலாற்றுப் படங்கள் பாதிக்கு மேல மெழுகு பொம்மைக் கூட்டமா நிக்குறதுக்குக் காரணம் இதுதான். ரோசாலெஸ் பெருக்கும்போது தீற்றலையும் சேத்துப் பெருக்கினார். சோம்பல்ல வர்ற வேலை இல்ல இது. ரொம்பக் கஷ்டமான வேலை.

லிவி வாசகி

நான் வண்ணத்தைவிட மூல நூலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் படத்தின் அமைப்பு முழுக்க அதில் இருக்கிறது.

ரோம வரலாற்றாசிரியர் லிவி முதல் நூலின் 57 முதல் 60 வரையான பகுதிகளில் இதைச் சொல்கிறார். லுக்ரேசியா ரோமில் இருக்கும் தந்தைக்கும் அர்தேயா நகர முற்றுகையில் இருக்கும் கணவனுக்கும் ஆள் அனுப்புகிறாள்: நம்பகமான ஒரு நண்பனோடு உடனே வாருங்கள். தந்தை பூப்லியுஸ் வலேரியுஸுடன் வருகிறார். கணவன் லூசியுஸ் யூனியுஸ் புரூட்டஸுடன் வருகிறான். இந்தப் புரூட்டஸ் சீசரைக் குத்தியவன் அல்ல, அவனுக்கு 460 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவன். ஆக அறையில் ஐந்து பேர். ரோசாலெஸ் படத்திலும் ஐந்தே பேர். வேலைக்காரி இல்லை, எட்டிப் பார்க்கும் கூட்டம் இல்லை, அழகுக்கு ஒரு குழந்தை இல்லை. 347 செ.மீ. அகலத்தை ஐந்து பேருக்கு மட்டும் கொடுப்பதற்குத் துணிவு வேண்டும். ஓரத்து இடத்தைக் கூட்டத்தால் நிரப்புவதுதான் போட்டிப் படங்களின் பழக்கம்.

படத்துக்கு இரண்டு மையம், கண் எங்கே நிற்பது என்று தெரியவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. கீழே சரியும் உடல் ஒன்று, மேலே போகும் கத்தி ஒன்று. லிவி சொல்வதைக் கவனியுங்கள்: மற்றவர்கள் துக்கத்தில் மூழ்கியிருக்கும்போதே புரூட்டஸ் காயத்திலிருந்து கத்தியை உருவி, இரத்தம் சொட்டச் சொட்ட முன்னால் நீட்டிச் சபதம் செய்கிறான். 'அழுது முடித்த பிறகு' என்று இல்லை. துக்கமும் அரசியலும் ஒரே கணத்தில் பிரிகின்றன. அதுவரை அசடன் போல நடித்து உயிரைக் காத்துக்கொண்டவன் அவன், அவன் பெயருக்கே அசடன் என்றுதான் பொருள். அவன் வாயிலிருந்து இந்தச் சொல் வருவதைக் கண்டு மற்றவர்கள் திகைக்கிறார்கள். இரண்டு மையம் இல்லாமல் இந்தக் கணத்தை வரையவே முடியாது.

கரித்துண்டு

அரைநிழல், உங்கள் ஏழு மீட்டர் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு எல்லாப் பெரிய படத்துக்கும் பொருந்தும். அதே 1871 கண்காட்சியில் மனுவேல் தொமிங்கெஸ் சாஞ்செஸ் வரைந்த, ரோமத் தத்துவஞானி செனெக்காவின் மரணமும் முதல் பதக்கம் வாங்கியது. 270-க்கு 450 செ.மீ., அதாவது ரோசாலெஸின் படத்தைவிடப் பெரிது. குளியல் தொட்டியில் செனெக்காவின் உயிரற்ற உடல், சுற்றி நண்பர்கள். தூரத்தில் நின்றால் மொத்த அமைப்பும் கிடைக்கிறது. பக்கத்தில் போனால் தொட்டியின் கல், ஈரம், தோலின் நிறமாற்றம் கிடைக்கிறது. தூரத்துக்காக வரைந்தது பக்கத்தில் உடைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முடித்த படம் இரண்டு தூரத்திலும் நிற்கும்.

அன்றைய கண்காட்சிக் கூடத்தையும் நினைத்துப் பாருங்கள். படங்கள் வரிசைக்கு மேல் வரிசையாக நெருக்கித் தொங்கும், முன்னால் கூட்டம் மொய்க்கும். ஏழு மீட்டர் காலி இடம் யாருக்குக் கிடைத்திருக்கும்? தான் எங்கே காட்டப் போகிறோம் என்று தெரிந்துதான் ஓவியர் அனுப்பினார்.

லிவி வாசகி மேடம் சொன்ன இரண்டு மையம் எனக்கும் சம்மதம். அமைப்பில் எனக்குக் குறையே இல்லை. நான் சொல்வது மேற்பரப்பைப் பற்றி.

ஈயவெள்ளை

மேற்பரப்பு என்று வந்துவிட்டதால் பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன். 'முடித்தல்' என்று அந்தக் காலப் பயிற்சிக்கூடங்கள் எதைச் சொன்னன என்பது தெரியாமல் இந்த வாதம் நகராது.

முதலில் கரித்துண்டால் கோடு. அதன்மேல் டர்பன்டைன் கலந்து நீர்த்த பழுப்பால் நிழல் மட்டும். அது காய்ந்த பிறகு உடல்வண்ணம், அதாவது ஈயவெள்ளை கலந்த கெட்டி நிறம், ஒளிப் பகுதிகளில். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக எண்ணெய் கூடுதல். இந்த வரிசையை மாற்றினால் மேல் அடுக்கு முதலில் காய்ந்து இறுகி, கீழ் அடுக்கு பிறகு அசையும்போது வெடிக்கும். கடைசியில் வருவதுதான் 'முடிப்பு': அடியில் உள்ளது தெரியும்படியான மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணப் பூச்சுகள், தீற்றல் தெரியாமல் மென்தூரிகையால் நீவி விடுதல், விளிம்புகளைக் கூர்மையாக்குதல்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஆபத்து. ஆழமான சூடான நிழலுக்காக 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் நிறையப் பேர் நிலக்கீல் (தார்) பழுப்பைப் பூசினார்கள். பார்க்கத் தேன் போல இருக்கும். அது என்றைக்குமே முழுதாகக் காயாது. சில ஆண்டுகளில் சுருங்கி முதலைத் தோல் போல வெடிக்கும், சூட்டில் இளகி வழியும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அந்த நூற்றாண்டின் நிழல்கள் கருகிக் கிடப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். கெட்டி வண்ணத்தில் நேரடியாகப் போட்டு அப்படியே விட்ட ஓவியம் இந்த நோயிலிருந்து தப்பும். ஆகவே முடிப்பு என்றால் கூடுதல் தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி இடங்களில் அது கூடுதல் அடுக்கு மட்டும்தான்.

ஆனால் அரைநிழலின் பக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. ஈயவெள்ளை காலப்போக்கில் எண்ணெயோடு வினைபுரிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒளி ஊடுருவும் தன்மை பெறும். மெல்லிசாகப் போட்ட இடைநிறங்கள் வழியாக அடித்தளம் எட்டிப் பார்க்கும். பொதுவாக எந்தப் பழைய படமும் வரைந்த நாளைவிட இன்று கொஞ்சம் 'திறந்து' தெரியும். அதனால் இன்றைய கண்ணை வைத்து 1871-ன் மேற்பரப்பை அளப்பதில் இரண்டு பேருமே நிதானம் காட்ட வேண்டும்.

கரித்துண்டு

நல்ல விளக்கம், நன்றி. ஆனால் ஈயவெள்ளையின் மேல் பழி போட முடியாது. புகார் எழுந்தது 1871-லேயே, வண்ணம் புதிதாக இருந்தபோதே.

முடிக்க நிலக்கீல் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1807 வாக்கில் ஹொசே தெ மத்ராஸோ ரோமில் இருந்து வரைந்த 'விரியாத்துஸின் மரணம்', 307-க்கு 462 செ.மீ., ரோமை எதிர்த்த லூசித்தானியத் தலைவன் கூடாரத்தில் கொல்லப்பட்டுக் கிடக்கும் காட்சி. மத்ராஸோ பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் தாவீதின் மாணவர். அந்தப் படத்தில் ஒவ்வொரு வடிவமும் கல்லில் செதுக்கியது போல மூடியிருக்கிறது. ஸ்பானிய வரலாற்று ஓவியம் தொடங்கியது அந்தக் கண்டிப்பில். ரோசாலெஸ் படித்ததே அந்த மத்ராஸோவின் மகன் பெதெரிகோவிடம்.

அரைநிழல்

விரியாத்துஸைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு சார். அந்தப் படத்துல செத்தவரைச் சுத்தி நிக்குறவங்க துக்கத்தைப் பாருங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனிச் சிலை. ஒருத்தர் வெயிட் இன்னொருத்தர் மேல விழல. கண்டிப்பான விளிம்புக்கு அதுதான் விலை. விளிம்பை முழுக்க மூடிட்டா பக்கத்துல இருக்குற உடம்போட சேராது.

லுக்ரேசியாவுக்கு வாங்க. சரியுற உடம்பை ரெண்டு பேர் தாங்குறாங்க. இந்த மாதிரி நிலையில மாடல் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல தாக்குப் பிடிக்க முடியாது. தசை தானா இறுகிடும். அதனால படுக்க வெச்சு வரைஞ்சு, அப்புறம் படத்துல நிமித்தி வைப்பாங்க. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: முடியும் துணியும் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க. படுத்தவளை நிமித்தி வெச்சிருந்தா முடி படுக்கைப் பக்கமே விழும், தோள் ரெண்டும் ஒரே மட்டத்துல கெடக்கும், வயித்துத் துணி தட்டையா இருக்கும். நெஜமா தூக்கிப் பிடிச்ச உடம்புல கையைக் கொடுத்த பக்கத் தோள் காதுகிட்ட ஏறும், இடுப்பு மடங்கும், துணி எல்லாம் இடுப்புக்குக் கீழ குவியும். ரோசாலெஸ் படத்துல அந்த பாரம் இருக்கு. லுக்ரேசியா கீழ போயிட்டிருக்கா. தாங்குறவங்க உடம்பு அந்த பாரத்தை வாங்கி வளையுது. அவ விளிம்பு எங்க முடியுது, அவங்க கை எங்க ஆரம்பிக்குதுன்னு சில இடத்துல கோடு கரைஞ்சு போகுது பாருங்க, அந்தக் கரைசல்தான் மூணு உடம்பையும் ஒண்ணாக் கட்டுது. அங்க போய் நீங்க கேக்குற மாதிரி விரல் விரலா விளிம்பு கட்டினா மூணும் பிரிஞ்சிடும்.

துணியைப் பலகை பலகைன்னு சொன்னீங்க. ரோமானிய ஆம்பளைங்க போர்த்துற தோகா கம்பளித் துணி சார். கனமானது. நிறையப் பேர் மரப் பொம்மைமேல மெல்லிசுத் துணியை நனைச்சுப் போட்டு மடிப்பு பாத்து வரைவாங்க. கிரேக்கச் சிலையில வர்ற மாதிரி நூறு பொடி மடிப்பு வரும். அழகா இருக்கும், ஆனா கம்பளி அப்படி மடியாது. கம்பளி பெருசாத் திரும்பும், திரும்புன இடத்துல ஒரு தளம் ஒளி, ஒரு தளம் நிழல். நீங்க பலகைன்னு சொல்றது அதான்.

லிவி வாசகி

தோகா பற்றி ஒரு சிறு சேர்க்கை. நாம் சிலைகளில் பார்க்கும் ஐந்தரை மீட்டர் நீளப் பேரரசுக் காலத் தோகா கி.மு. 6-ஆம் நூற்றாண்டு முடிவில் கிடையாது. ஆரம்பத் தோகா அதைவிடச் சிறிது, மடிப்பும் குறைவு. பல ஓவியர்கள் அரசர் காலத்துக் கதைக்குப் பொம்பேயில் கிடைத்த நாற்காலியையும் விளக்கையும் சுவர்ச் சித்திரத்தையும் அப்படியே எடுத்து வைத்தார்கள். பொம்பேய் புதைந்தது கி.பி. 79-ல். கிட்டத்தட்ட 590 ஆண்டு இடைவெளி. ரோசாலெஸ் அறையில் அந்தச் சாமான்களைக் குவிக்கவில்லை. படுக்கை, திரை, நிழல் என்று வெறுமையாக விட்டார். தவறு செய்யும் வாய்ப்பும் குறைந்தது, கண் அலைவதும் நின்றது.

தொமிங்கெஸின் செனெக்காவைக் கரித்துண்டு ஐயா உயர்த்திச் சொன்னார். அந்தப் படத்தின் முழுத் தலைப்பு மிக நீளம்: செனெக்கா இரத்த நாளங்களை வெட்டிக்கொண்டு குளியல் தொட்டியில் இறங்குவதும், துயரம் மேலிட்ட நண்பர்கள் தங்கள் ஆசானைக் கொல்லச் சொன்ன நீரோவை வெறுப்பதாகச் சபதம் செய்வதும் அதிலேயே வந்துவிடுகிறது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 'ஆண்டுக் குறிப்புகள்' 15-ஆம் நூலில் இந்தச் சாவை விரிவாகச் சொல்கிறார். கி.பி. 65. மெலிந்த முதிய உடல் என்பதால் இரத்தம் மெதுவாகத்தான் வடிகிறது. கால் நாளங்களையும் வெட்டுகிறார். நஞ்சு குடிக்கிறார், அதுவும் வேலை செய்யவில்லை. வெந்நீரில் இறங்குகிறார், கடைசியில் நீராவியில் மூச்சடைத்து இறக்கிறார். நண்பர்களின் சபதம் அங்கே இல்லவே இல்லை. ஓவியர் சேர்த்தது. ரோசாலெஸ் படத்துச் சபதமோ மூல நூலின் மையச் சம்பவம்.

தொட்டியின் ஈரத்தைத் துல்லியமாக முடித்துவிட்டு நடக்காத சபதத்தை மேலே வைப்பது, சபதத்தைச் சரியாக வைத்து விரலை ஒரு தீற்றலில் விடுவது, இரண்டில் வரலாற்று ஓவியம் என்ற பெயருக்கு எது நெருக்கம் என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

ஈயவெள்ளை

ஒரே ஆண்டு, ஒரே கண்காட்சி, முதல் பதக்கம் வாங்கிய இரண்டு ரோமப் படங்களிலும் கொடுங்கோலனுக்கு எதிரான சபதம். 1868 செப்டம்பரில் ஸ்பெயின் இரண்டாம் இசபெல்லாவை விரட்டியது. 1871 ஜனவரியில் இத்தாலியின் சவோய் குலத்திலிருந்து வந்த அமதேயோ பதவிப் பிரமாணம் எடுத்தார். பார்க்க வந்தவர்கள் இந்தத் தொடர்பைக் காணாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

கரித்துண்டு

கண்டிருக்கலாம். ஆனால் லுக்ரேசியாவைத் தீத்தியானும் ரெம்பிராண்டும் வரைந்தார்கள், அங்கே எந்தப் புரட்சியும் நடக்கவில்லை. கருப்பொருளை வைத்து மட்டும் ஓவியரின் அரசியலைச் சொல்ல முடியாது. இதை இத்தோடு விட்டு மேற்பரப்புக்கே வருவோம்.

இந்தப் படத்தைப் புகழ்பவர்கள் இன்னொரு தவறும் செய்கிறார்கள்: ரோசாலெஸ் பிரெஞ்சு ஓவிய இயக்கமான இம்ப்ரெஷனிசத்தை முன்கூட்டியே கண்டவர் என்று எழுதுகிறார்கள். பாரிஸில் அந்தக் குழுவின் முதல் கண்காட்சி 1874-ல், ரோசாலெஸ் இறந்த பிறகு. அவரை அவருக்குத் தெரியாத ஒரு பந்தயத்தில் ஓட விட்டு வெற்றி கொடுப்பது என்ன நியாயம்?

அரைநிழல்

இதுல நான் முழுக்க உங்க பக்கம். இம்ப்ரெஷனிஸ்ட் நிழல்ல நீலமும் ஊதாவும் வரும், நிறம் துண்டு துண்டா உடையும், வெளிச்சம் திறந்தவெளி வெளிச்சம். லுக்ரேசியால இருக்கறது அறைக்குள்ள ஒரே பக்கத்துல இருந்து வர்ற வெளிச்சம், மண் நிறங்கள், கெட்டியான கருநிழல். அவர் பாத்தது பிராடோவுல இருக்குற பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸோட படங்களை. கிட்ட போனா கலைஞ்சு போகும், தள்ளி வந்தா சேரும், அந்தப் பாடம் ஸ்பெயின்ல ஏற்கெனவே இருநூறு வருஷமா இருக்கு. பாரிஸ்ல இருந்து வர வேண்டியதில்ல.

அவர் சொன்னதாச் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு. குறை சொன்னவங்களுக்கு, படம் தெர்மினாதோ இல்ல, ஆனா எச்சோன்னாராம். இதைத் தமிழ்ல 'முடிக்கப்படவில்லை, ஆனால் செய்யப்பட்டுவிட்டது'ன்னு போட்டா ஒண்ணும் புரியாது. நம்ம வீட்டுல சொல்ற மாதிரி சொல்லணும்: 'இன்னும் எடுத்து வைக்கல, ஆனா சமையல் ஆயிடுச்சு.' வெந்தது வெந்தாச்சு. கிண்ணத்துல மாத்தி, மேல கொத்தமல்லி தூவுறது பாக்கி. அந்தக் கொத்தமல்லியைத்தான் 1871 விமர்சகர்கள் கேட்டாங்க.

கரித்துண்டு

உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் அது என் பக்கமும் வேலை செய்யும். கையும் பாதமும் கொத்தமல்லி இல்லை, அரிசி. அது வேகவில்லை என்பதுதான் என் புகார். 'ஆயிடுச்சு' என்று சமைத்தவர் சொன்னால் போதாது, சாப்பிடுகிறவர் வாயில் தெரிய வேண்டும். அவர் அதை ஒத்துக்கொண்டதாகவே அந்தப் பதிலை நான் படிக்கிறேன். முதல் பாதியில் குற்றச்சாட்டை ஏற்கிறார். அவர் உயிரோடு இருந்தவரை அரசும் அந்தப் படத்தை வாங்கவில்லை.

லிவி வாசகி

அரசு வாங்காதது படத்தின் குறைக்குச் சான்று ஆகுமா ஐயா? பிறகு வாங்கியது. அப்படியென்றால் இடையில் படம் முடிந்துவிட்டதா?

நோயால் முடிக்க முடியாமல் போனது என்ற வாதத்துக்கு வேறொரு பதில் இருக்கிறது. இந்தக் கண்காட்சிக்குப் பிறகு 1873-ல் மாட்ரிட்டின் சாந்தோ தொமாஸ் தேவாலயத்துக்காக அவர் நற்செய்தியாளர்கள் யோவானையும் மத்தேயுவையும் வரைந்தார். அவை லுக்ரேசியாவைவிட இன்னும் அகலமான தீற்றலில் இருக்கின்றன. அவ்வளவு திட்டு வாங்கிய பிறகு ஒருவர் பயந்திருந்தால் அடுத்த படத்தில் நீவி முடித்திருப்பார். இவர் அதே வழியில் இன்னும் முன்னே போனார். பாதையைத் தெரிந்து எடுத்தவரின் நடை அது.

கரித்துண்டு

அவை குவிமாடத்துக்குக் கீழே, முக்கோண வளைவுகளில் உயரத்தில் வைப்பதற்காக வரைந்தவை. தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே அகலத் தீற்றல் கட்டாயம். கண்காட்சிச் சுவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அஞ்சிப் பின்வாங்கவில்லை என்ற உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. நோயைக் காரணமாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஈயவெள்ளை

இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு சோதனை சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் திரையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திரையில் இரண்டு விதமாக ஏமாறலாம். கைப்பேசியில் 7 செ.மீ. அகலத்துக்குப் பார்த்தால் படம் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும், 4 செ.மீ. தீற்றல் ஒரு மி.மீ.க்கும் கீழே போய்விடும், எல்லாம் நீவி முடித்தது போலத் தெரியும். பெரிதாக்கி ஒரு கையை மட்டும் திரை முழுக்கக் கொண்டு வந்தால், யாருமே நின்று பார்க்காத 20 செ.மீ. தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். எல்லாம் அரைகுறையாகத் தெரியும்.

சரியான வழி: கணினித் திரையில் படத்தின் அகலம் 34.7 செ.மீ. வருமாறு வையுங்கள், அளவுகோலால் அளந்து. அது பத்தில் ஒரு பங்கு. கண்ணை 70 செ.மீ. தள்ளி வையுங்கள். ஏழு மீட்டரில் அசல் படம் கண்ணில் எடுக்கும் அதே 28 பாகை கிடைக்கும். பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். ஒளி நிழல் அளவு தவறியிருந்தால் அங்கே உடனே தெரியும்: உடல் தட்டையாகும், தாங்கும் கை உடலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குழம்பும். அடுத்ததாகப் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். கதை மறைந்து வெறும் திட்டுகள் மிஞ்சும். லுக்ரேசியாவின் வெண்மை முதலில் கண்ணுக்கு வர வேண்டும், கத்தி பிடித்த கை இரண்டாவதாக வர வேண்டும். வரிசை மாறினால் அமைப்பில் பிழை. இதே சோதனையைத் தொமிங்கெஸின் செனெக்காவுக்கும் வையுங்கள், 45 செ.மீ. அகலம், 90 செ.மீ. தூரம்.

அரைநிழல்

இதைச் செஞ்சுட்டுப் பேசுங்க எல்லாரும். ஒரே ஒரு விஷயம் சேத்துக்கிறேன்: 70 செ.மீ.ல உக்காந்து கண்ணைப் பாதி மூடிப் பாருங்க. செனெக்காவுல தொட்டி, துணி, ஆளு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்துல தெரியும். லுக்ரேசியால நாலு அஞ்சு பெரிய திட்டுதான் மிஞ்சும், அதுவே கதையைச் சொல்லிடும்.

கரித்துண்டு

அளந்து வைத்துப் பார்த்தபின் எழுதுகிறேன். கறுப்பு வெள்ளையில் உடல் நிற்கிறது. தாங்கும் கைகள் முன்னும் பின்னும் சரியாக இருக்கின்றன. தலைகீழாகத் திருப்பினால் வெண்மை முதலிலும் கத்தி இரண்டாவதாகவும் வருகின்றன. இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன். 'பலகை' என்று சொன்ன துணியும் அந்தத் தூரத்தில் கம்பளியாகத்தான் தெரிகிறது.

பாதங்கள் அந்தத் தூரத்திலும் தரையைத் தொடவில்லை. நிழல் அடியில் போய்ச் சேரவில்லை, குதிகாலின் விளிம்பும் தரையின் விளிம்பும் ஒரே அடர்த்தியில் கலக்கின்றன. உடலின் பாரம் தோளிலிருந்து இடுப்பு வரை இறங்கி வந்து அங்கே காணாமல் போகிறது. 2 மி.மீ. கணக்கு இதற்குப் பதில் ஆகாது. பாதம் 25 செ.மீ. நீளம்.

அரைநிழல்

பாதத்துக்கு அடியில ஒரே ஒரு அடர்ந்த தீற்றல், ரெண்டு விரல் அகலம். அது போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் சார். அதை நான் மறுக்கல.

லிவி வாசகி

சிலர் எனக்குத் தனிச்செய்தியில் இந்தக் கத்தியைக் 'குறுவாள்' என்று எழுதியிருந்தார்கள், அதற்காக மட்டும் இந்த விளக்கம். லிவி பயன்படுத்தும் சொல் போர்வீரனின் குறுவாளைக் குறிக்காது. வீட்டில் அறுக்க, நறுக்க வைத்திருக்கும் கத்தியைக் குறிக்கும். உடைக்குள் அவள் மறைத்து வைத்திருந்தது அதுதான். புரூட்டஸ் தூக்கிப் பிடிப்பதும் அவள் வீட்டுக் கத்திதான், தன் இடுப்பு வாளை அல்ல. பிறகு அதைக் கொல்லாட்டினுஸ் கையில் கொடுக்கிறான், அடுத்து தந்தை கையில், அடுத்து வலேரியுஸ் கையில். நால்வரும் அதைத் தொட்டுத்தான் சபதம் செய்கிறார்கள். ரோசாலெஸ் நிறுத்திய கணத்தில் கத்தி இன்னும் முதல் கையை விட்டு நகரவில்லை.